தொழில்நுட்பக் குற்றங்களும் மாநிலச் சட்டங்களும்: அமெரிக்க அனுபவம் சொல்வது என்ன?

இந்தியாவில் தண்டனைச் சட்டம் பெரும்பாலும் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். அமெரிக்காவில் அப்படி இல்லை. திருட்டு, தாக்குதல், மிரட்டல், பாலியல் குற்றம் என அன்றாட வாழ்வைத் தொடும் குற்றங்களில் பெரும்பாலானவற்றை அங்கே மாநிலங்களே வரையறுக்கின்றன. ஐம்பது மாநிலங்களுக்கும் ஐம்பது தண்டனைச் சட்டத் தொகுப்புகள் உண்டு. கணினி, கைபேசி, சமூக ஊடகம், செயற்கை நுண்ணறிவு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோது, ஒரே கேள்விக்கு ஐம்பது சட்டமன்றங்கள் தனித்தனியே விடை தேட வேண்டியிருந்தது. நேற்று இல்லாத ஒரு கருவியால் இன்று ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால், நேற்று எழுதிய சட்டம் அதைத் தண்டிக்க முடியுமா? முடியாவிட்டால் புதிய சட்டத்தை எப்படி எழுதுவது?

ஏறத்தாழ அரை நூற்றாண்டு விடைகள் இன்று நம் முன் இருக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் படித்தால் ஒன்று தெளிவாகிறது. யாருக்கு என்ன தீங்கு என்பதைத் துல்லியமாகச் சொன்ன சட்டங்கள் நிலைத்தன. கருவியையோ இடத்தையோ மட்டும் பிடித்துக்கொண்டவை சில ஆண்டுகளில் பயனற்றுப் போயின. மக்களின் கோபத்துக்கு அவசரமாகப் பதில் சொல்ல, எல்லாவற்றையும் குற்றமாக்கிய சட்டங்கள் நீதிமன்றங்களில் விழுந்தன.

வழக்குகளுக்குப் போகுமுன் இரண்டு அடிப்படைகளை நினைவில் வைக்க வேண்டும். செயல் நடந்தபோது இல்லாத குற்றத்துக்கு ஒருவரைப் பின்னாளில் தண்டிக்கக்கூடாது. அப்படி முன்தேதியிட்ட தண்டனைச் சட்டம் இயற்ற அமெரிக்க அரசமைப்புச் சட்டம் மாநிலங்களுக்குத் தடை விதிக்கிறது. அடுத்தது, தண்டனைச் சட்டத்தின் சொல் இரண்டு விதமாகப் பொருள்படுமானால், ஐயத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே சேர வேண்டும் என்ற மரபு. ஆகவே சட்டத்தில் ஓட்டை இருந்தால் அதை நீதிபதி அடைக்க முடியாது. சட்டமன்றம்தான் அடைக்க வேண்டும், அதுவும் இனிமேல் நடப்பவற்றுக்கு மட்டும்.

எடுத்துச் செல்ல முடியாததைத் திருட முடியுமா?

முதல் மோதல் திருட்டில் வந்தது. வர்ஜீனியா பாலிடெக்னிக் கல்வி நிறுவனத்தில் புள்ளியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்த மாணவர் ஒருவர், தன் ஆய்வேட்டுக்காக நிறுவனத்தின் கணினியை உரிய அனுமதியின்றிப் பயன்படுத்தினார். அவர் செலவிட்ட கணினி நேரத்தின் மதிப்பு 26,000 டாலருக்கு மேல் என்றது அரசுத் தரப்பு. விசாரணை நீதிமன்றம் அவரைப் பெருந்திருட்டுக் குற்றவாளி என்றது. 1977இல் வர்ஜீனியா உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. பொதுச் சட்ட மரபில் திருட்டு என்றால் ஒரு பொருளைக் கைப்பற்றி எடுத்துச் செல்ல வேண்டும்; கணினி நேரம் அப்படிப்பட்டதல்ல. அவர் கொண்டுபோன அச்சுத் தாள்களோ பழைய காகித விலைதான் பெறும்.

மறு ஆண்டே வர்ஜீனியா சட்டமன்றம், கணினி நேரமும் சேவையும் தரவும் திருட்டுக் குற்றங்களைப் பொறுத்தவரை சொத்துதான் என்று தனிப் பிரிவு இயற்றியது. ஓட்டை அடைபட்டது. ஆனால் அந்த வழக்கில் இன்னொரு செய்தியும் உண்டு. மாணவருக்காக அனுமதி கேட்டிருக்க வேண்டியவர் அவருடைய நெறியாளர். அவர் கேட்காமல் விட்டுவிட்டார். முறைப்படி கேட்டிருந்தால் அந்த நேரம் மாணவருக்குக் கிடைத்திருக்கும் என்று ஆசிரியர்களே சாட்சி சொன்னார்கள். நிர்வாக ஒழுங்கு மீறலாக முடிந்திருக்க வேண்டிய ஒன்றா, சிறைக்கு அனுப்ப வேண்டிய குற்றமா என்ற இந்தக் கேள்வி இன்றுவரை கணினிச் சட்டங்களை விட்டுப் போகவில்லை. 1985இல் இண்டியானாவிலும் அதே கேள்வி எழுந்தது. இண்டியானாபொலிஸ் நகராட்சி ஊழியர் ஒருவர், தன் சொந்த வியாபாரக் கணக்குகளை அலுவலகக் கணினியில் வைத்திருந்தார். நகராட்சி அந்தக் கணினிக்கு மாறாத வாடகை கட்டிவந்தது. அவர் பயன்படுத்தியதால் நகராட்சி எதையும் இழக்கவில்லை, ஆகவே திருட்டு இல்லை என்றது மாநில உச்ச நீதிமன்றம்.

இந்தச் சிக்கலைத் தவிர்க்கும் வழி அதற்கு முன்பே இருந்தது. அமெரிக்கச் சட்டக் கழகம் 1962இல் வெளியிட்ட மாதிரித் தண்டனைச் சட்டம், மதிப்புள்ள எதுவும் சொத்துதான், அது தொட்டுணர முடியாததாக இருந்தாலும் சரி, மின்சாரமாக இருந்தாலும் சரி என்றது. சேவைத் திருட்டையும் தனிக் குற்றமாக்கியது. அதை எழுதியவர்களுக்கு இன்றைய கணினி தெரியாது. எதற்கு மதிப்பு உண்டு, யார் எதை இழக்கிறார் என்பதிலிருந்து தொடங்கியதால், தெரியாத காலத்துக்கும் பொருந்தும்படி எழுத முடிந்தது.

தனிக் கணினிக் குற்றச் சட்டம் என்ற வழியை 1978இல் ஃபுளோரிடா திறந்துவைத்தது. மயாமி பகுதி நாய்ப் பந்தயத் திடலில் ஊழியர்கள் கணினியைக் கொண்டு பொய்யான வெற்றிச் சீட்டுகள் அச்சடித்துப் பணம் பெற்ற மோசடி அதற்குத் தூண்டுதலாயிற்று. நூற்றாண்டு முடிவதற்குள் ஐம்பது மாநிலங்களும் ஏதோ ஒரு வடிவில் அத்தகைய சட்டத்தை வைத்திருந்தன. அவற்றின் மையச் சொல் ‘அணுகல்’. அனுமதியின்றிக் கணினியை அணுகுவது குற்றம். ஆனால் எது அணுகல்? கான்சஸில் ஒருவர் மோடம் வழியாகத் தொலைபேசி நிறுவனத்தின் கணினிகளுக்கு மீண்டும் மீண்டும் அழைப்பு விடுத்தார். கடவுச்சொல் கேட்டதும் துண்டித்துவிட்டார் என்றே அவர் தரப்பு கூறியது. கதவு வரை போவது அணுகல் ஆகாது, உள்ளே நுழைந்ததற்குச் சான்று வேண்டும் என்று 1996இல் கான்சஸ் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. நிறுவனம் அதன்பின் பாதுகாப்பை மேம்படுத்தச் செய்த செலவை அவர் விளைவித்த சேதமாகக் கணக்கிடவும் மறுத்தது.

பழைய சொல்லை நீட்டிப் பொருள்கொள்வதால் வரும் துன்பத்துக்கு நியூயார்க் வழக்கு ஒன்றே போதும். கோல்ட்மேன் சாக்ஸ் நிறுவனத்தின் நிரலாளர் ஒருவர் 2009 ஜூனில் வேலையை விட்டபோது, அதிவேக வர்த்தக மென்பொருளின் மூலநிரலை ஜெர்மனியில் இருந்த சர்வர் ஒன்றுக்கு அனுப்பினார். மத்திய நீதிமன்றம் அவருக்கு எட்டு ஆண்டுகளுக்கு மேல் சிறைத் தண்டனை விதித்தது. மூலநிரல் ‘சரக்கு’ அல்ல என்று 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதே ஆண்டு மன்ஹாட்டன் அரசு வழக்கறிஞர், 1967ஆம் ஆண்டின் மாநிலச் சட்டப் பிரிவின்கீழ் மீண்டும் வழக்குத் தொடுத்தார். நகலெடுக்கும் இயந்திரங்களின் காலத்தில் எழுதப்பட்ட அந்தப் பிரிவு, அறிவியல் இரகசியங்களின் ‘தொட்டுணரக்கூடிய நகல்’ எடுப்பதைக் குற்றமாக்கியது. சர்வரில் கிடக்கும் நிரலைத் தொட முடியுமா? நடுவர் குழு ஒரு குற்றச்சாட்டில் குற்றவாளி என்றது. விசாரணை நீதிபதி அதைத் தள்ளினார். இடைநிலை நீதிமன்றம் மீட்டது. 2018இல் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம், வன்தட்டில் நிரல் பௌதிக இடத்தைப் பிடித்திருப்பதால் அது தொட்டுணரக்கூடியதே என்று முடித்தது. ஒரு சொல்லின் பொருளுக்காக ஒரு மனிதர் ஒன்பது ஆண்டுகள் நீதிமன்ற வாசலில் நின்றார். சட்டமன்றம் அந்தச் சொல்லை உரிய காலத்தில் மாற்றியிருந்தால், தான் செய்வது குற்றமா என்பது அவருக்கும் தெரிந்திருக்கும், அவர் மீது வழக்குத் தொடுத்தவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

இடத்தைக் காத்த சட்டம், உடலைக் காக்கவில்லை

2010 ஆகஸ்டில் பாஸ்டன் நகர டிராம் வண்டியில் ஒருவர், எதிரே அமர்ந்திருந்த பெண்களின் பாவாடைக்கு உள்ளே தெரியும்படி கைபேசியில் படமெடுத்தார் என்ற புகார் வந்தது. போக்குவரத்துக் காவல்துறை பெண் காவலரைப் பயணியாக அமர்த்தி அவரைக் கையும் களவுமாகப் பிடித்தது. மாசசூசெட்ஸ் சட்டமோ, ‘நிர்வாணமாக அல்லது பகுதி நிர்வாணமாக’ இருக்கும் ஒருவரை, அவர் தனிமையை எதிர்பார்க்கும் நிலையில், இரகசியமாகப் படமெடுப்பதைத்தான் தண்டித்தது. உடை மாற்றும் அறையையும் குளியலறையையும் மனத்தில் வைத்து எழுதிய வாசகம் அது. முழுதாக உடையணிந்து பொது வண்டியில் அமர்ந்திருக்கும் பெண் பகுதி நிர்வாணமானவர் அல்ல என்று 2014 மார்ச் 5 அன்று மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுநாளே சட்டமன்றத்தின் இரு அவைகளும் புதிய மசோதாவை நிறைவேற்றின; 7ஆம் தேதி ஆளுநர் கையெழுத்திட்டார். வழக்கில் சிக்கியவர் மீது அந்தச் சட்டம் பாயவில்லை, பாயவும் கூடாது. மூன்றரை ஆண்டுகள் காத்திருந்த பெண்களுக்கு நீதி கிடைக்காமல் போனதுதான் அந்தத் தாமதத்தின் விலை.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஜார்ஜியாவில் அதே கதை. மளிகைக் கடையில் வேலை பார்த்த ஒருவர், பொருள் வாங்க வந்த பெண்ணைப் பின்தொடர்ந்து பாவாடைக்கு அடியில் கைபேசியை நீட்டிப் பதிவு செய்தார். சட்டம் ‘தனிப்பட்ட இடம்’ என்றது. கடை தனிப்பட்ட இடம் அல்ல. உடலின் ஒரு பகுதியை ‘இடம்’ என்று வாசிக்கவும் முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் அவரை விடுவித்தது. மறு ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது.

வருத்தமான உண்மை என்னவென்றால், சரியான வாசகம் அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. 2004இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய மத்தியச் சட்டம், ஒருவரின் அந்தரங்க உறுப்புப் பகுதி பிறர் கண்ணில் படாது என்று அவர் நியாயமாக நம்பும் நிலையில் அதைப் படமெடுப்பதே குற்றம், அவர் இருப்பது பொது இடமா தனி இடமா என்பது பொருட்டல்ல என்று சொல்லியிருந்தது. ஆனால் அது மத்திய அரசின் நேரடி அதிகாரத்துக்கு உட்பட்ட இடங்களில் மட்டுமே செல்லும். இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008 திருத்தம் சேர்த்த 66ஈ பிரிவின் வாசகமும் ஏறத்தாழ அதுவேதான். டெல்லி எடுத்துக்கொண்ட வாசகத்தைப் பாஸ்டனும் அட்லாண்டாவும் எடுத்துக்கொள்ளவில்லை.

டெக்சஸ் எதிர்ப்பக்கத்தில் தவறியது. பாலியல் இச்சையைத் தூண்டும் நோக்கத்தோடு, ஒருவரின் சம்மதமின்றி அவரைப் படமெடுப்பது குற்றம் என்று அந்த மாநிலச் சட்டம் கூறியது. சான் ஆண்டோனியோவின் நீர் விளையாட்டுப் பூங்காவில் நீச்சலுடைக் குழந்தைகளைப் படமெடுத்ததாகக் கைதான ஒருவரின் வழக்கில், 2014 செப்டம்பரில் டெக்சஸின் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பிரிவையே செல்லாததாக்கியது. எந்த உறுப்பு, எந்த நிலை என்ற வரம்பே இல்லாமல், எடுப்பவரின் மனத்தில் ஓடும் எண்ணத்தை மட்டும் வைத்து எந்தப் படத்தையும் அது குற்றமாக்கியது. தெருவில் நடந்துபோகும் ஒருவரின் சாதாரணப் படம்கூட அதில் சிக்கும். 2015இல் டெக்சஸும் அந்தரங்க உறுப்புப் பகுதியைக் குறிப்பிட்டுத் திருத்தி எழுதியது. குறுகலாக எழுதிய மாநிலமும் அகலமாக எழுதிய மாநிலமும் கடைசியில் ஒரே வாசகத்துக்குத்தான் வந்து சேர்ந்தன.

வதைக்கும் சொற்கள்

சொத்தையும் உடலையும்விடச் சொல்லைத் தண்டிப்பது கடினம். 2006இல் மிசௌரியின் புறநகர் ஒன்றில் பதின்மூன்று வயதுச் சிறுமி தற்கொலை செய்துகொண்டாள். மைஸ்பேஸ் தளத்தில் அவளோடு பழகிய ‘பையன்’ போலிக் கணக்கு என்றும், அதன் பின்னால் அக்கம்பக்கத்துப் பெரியவர் ஒருவரே இருந்தார் என்றும் தெரியவந்தபோது நாடே கொதித்தது. மாநில அரசு வழக்கறிஞரால் பொருந்தும் சட்டம் எதையும் காண முடியவில்லை. மைஸ்பேஸின் சர்வர்கள் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் இருந்ததால், அங்கிருந்த மத்திய அரசு வழக்கறிஞர் ஊடுருவலைத் தண்டிக்கும் கணினிச் சட்டத்தை எடுத்தார். தளத்தின் பயன்பாட்டு விதிகளை மீறியதே அனுமதியற்ற அணுகல் என்பது அவர் வாதம். 2009இல் நீதிபதி அதை ஏற்கவில்லை. ஏற்றிருந்தால், விதிமுறைகளைப் படிக்காமலே ‘சம்மதம்’ என்று அழுத்தும் கோடிக்கணக்கானோர் குற்றவாளி ஆகியிருப்பார்கள்.

மிசௌரி 2008இல் தொல்லைச் சட்டத்தை மின்னணுத் தொடர்புகளுக்கும் விரித்தது. அதில், விரும்பாத ஒருவரைத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதையே குற்றமாக்கிய பகுதியை 2012இல் மாநில உச்ச நீதிமன்றம் வெட்டியது. நியூயார்க்கின் ஆல்பனி மாவட்டம் 2010இல் இணையக் கொடுமைத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. சக மாணவர்களைப் பற்றி ஃபேஸ்புக்கில் ஆபாசமாக எழுதிய ஒரு மாணவர் அதன்கீழ் முதலில் சிக்கினார். அவர் செய்தது கொடுமை என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் சட்டத்தின் வாசகம், வயது வந்த ஒருவரை எரிச்சலூட்டும் தொலைபேசி உரையாடலையும், ஒரு நிறுவனத்தின் தகவலை வெளியிடும் மின்னஞ்சலையும்கூடத் தண்டிக்கும் அளவுக்கு அகலமாக இருந்தது. 2014இல் அது முழுதாக விழுந்தது. 2016இல் வட கரோலினாவின் அதே வகைச் சட்டமும் விழுந்தது.

இந்தப் பாடம் நமக்கு அந்நியமானதல்ல. ‘எரிச்சல்’, ‘அசௌகரியம்’ போன்ற சொற்களால் ஆன, இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவின்கீழ் 2012இல் புதுச்சேரியில் ஒரு ட்வீட்டுக்காக ஒருவர் கைதானார். 2015இல் இந்திய உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை நீக்கியபோது, இணையத்தில் பேச்சைக் கட்டுப்படுத்திய அமெரிக்க மத்தியச் சட்டம் ஒன்றை 1997இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தள்ளிய தீர்ப்பையும் எடுத்துக்காட்டியது.

சொல்லையும் படத்தையும் தொடும் சட்டம் நிற்கவே நிற்காது என்று இதிலிருந்து முடிவு செய்வது தவறு. அந்தரங்கப் படங்களைச் சம்மதமின்றிப் பரப்புவதைத் தடுக்கும் சட்டங்கள் அதற்குச் சான்று. நியூஜெர்சி 2004இலேயே வழிகாட்டியது. கலிபோர்னியா 2013இல் எழுதியபோது, பாதிக்கப்பட்டவரே எடுத்து அனுப்பிய செல்ஃபிகளை விட்டுவிட்டது. நம்பி அனுப்பியதைப் பரப்புவதுதான் இந்தக் கொடுமையின் வழக்கமான வடிவம் என்பதால், மறு ஆண்டே திருத்த வேண்டியதாயிற்று. வெர்மாண்ட், இல்லினாய், மினசோட்டா, டெக்சஸ் மாநிலங்களின் உயர்ந்த நீதிமன்றங்கள் 2018 முதல் 2021 வரை இத்தகைய சட்டங்களை உறுதிசெய்தன. எந்த வகைப் படம், சம்மதம் இல்லாமை, பரப்புபவரின் அறிவும் நோக்கமும், செய்திக்கும் சட்ட விசாரணைக்குமான விலக்கு ஆகியவற்றைச் சட்டம் தனித்தனியே சொல்லியிருப்பதை நீதிபதிகள் எடுத்துக்காட்டினார்கள். வெர்மாண்ட் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டும், தன் முன்னிருந்த வழக்கில் படத்தை அனுப்பியவருக்கும் பெற்றவருக்கும் இடையே தனிமையை எதிர்பார்க்கும்படியான உறவு நிரூபிக்கப்படவில்லை என்று குற்றச்சாட்டைத் தள்ளியது. வரம்புள்ள சட்டம் அந்த வரம்புக்கு வெளியே இருப்பவரை விட்டுவிடும் என்பதற்கு அதுவே அத்தாட்சி. 2025 மே மாதம் தென் கரோலினாவும் சேர்ந்ததோடு ஐம்பது மாநிலங்களிலும் இந்தக் குற்றத்துக்குச் சட்டம் உண்டு.

காக்க வந்த சட்டம் தாக்கும்போது

திருத்தாமல் விட்ட சட்டம் குற்றவாளியைத் தப்பவிடுவதோடு நிற்பதில்லை. பாதிக்கப்பட்டவரையே தண்டிக்கவும் செய்யும். மேரிலாந்தில் பதினாறு வயதுச் சிறுமி ஒருத்தி, தான் இடம்பெற்ற அந்தரங்கக் காணொளி ஒன்றை நெருங்கிய நண்பர்கள் இருவருக்கு மட்டும் கைபேசியில் அனுப்பினாள். நட்பு முறிந்தது. காணொளி பள்ளியில் பரவியது. அவளுக்கு உதவி தேவைப்பட்ட அந்த நேரத்தில், குழந்தை ஆபாசப் படத்தைப் பரப்பியவள் என்று அவள் மீதே வழக்கு வந்தது. 2019இல் மேரிலாந்தின் உயர்ந்த நீதிமன்றம், சட்டத்தின் நேர்ப்பொருளில் அவளும் பரப்பியவர்தான் என்று உறுதிசெய்தது. இத்தகைய சிறார்களுக்கு விலக்கு தருவது பற்றிச் சட்டமன்றம் சிந்திக்க வேண்டும் என்றும் கூறியது. வயது வந்தோர் குழந்தைகளைச் சுரண்டுவதைத் தடுக்க எழுதிய சட்டம் அது. ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் கேமரா இருக்கும் காலம் வரும் என்று அதை எழுதியவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள். வந்த பிறகும் திருத்தாமல் இருந்ததற்குச் சாக்குச் சொல்ல முடியாது. 2024இல் மாசசூசெட்ஸ் இயற்றிய சட்டம், படம் பகிரும் சிறாரைக் கல்வித் திட்டத்துக்கு அனுப்பும் வழியைத் திறந்தது. அதுதான் மனிதத்தன்மையுள்ள திசை.

டீப்ஃபேக் என்ற புதிய தேர்வு

இப்போது மாநிலங்களின் மேசையில் இருப்பது செயற்கை நுண்ணறிவால் உருவாக்கும் போலிப் படங்கள். வர்ஜீனியா 2019இலேயே தன் பழைய சட்டத்தில், பொய்யாக உருவாக்கிய படத்தையும் சேர்த்தது. மென்பொருளின் பெயரோ தொழில்நுட்பத்தின் விவரமோ அதில் இல்லை; ஒருவரின் உருவத்தை நிர்வாணமாகக் காட்டி அவரைத் துன்புறுத்துவதுதான் குற்றம். ஆகவே கருவிகள் எத்தனை முறை மாறினாலும் அந்த வாசகம் பொருந்தும். 2025 மே மாதம் கையெழுத்தான மத்தியச் சட்டம், புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் இத்தகைய படங்களை நீக்கும் கடமையைத் தளங்கள் மீது வைத்தது.

தேர்தல் தொடர்பான டீப்ஃபேக்குகளைத் தடைசெய்யக் கலிபோர்னியா இயற்றிய சட்டத்தின் பெரும்பகுதியை 2024 அக்டோபரில் மத்திய நீதிபதி நிறுத்திவைத்தார். அரசியல் நையாண்டியும் அதில் அகப்படும் என்பதே காரணம். ஒரு பெண்ணின் உடலைப் பொய்யாகச் சித்தரித்து அவமானப்படுத்துவது வேறு, ஓர் அரசியல்வாதியைப் பகடி செய்வது வேறு. இரண்டுக்கும் கருவி ஒன்று என்பதால் இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்தால், இரண்டாவதைக் காக்கும் உரிமை முதலாவதைத் தண்டிக்கும் சட்டத்தையும் இழுத்துக்கொண்டு விழும்.

எப்படி எழுத வேண்டும்?

புதிய குற்றப் பிரிவு வரும்போதெல்லாம் காவல்துறைக்குப் புதிய தேடல் அதிகாரமும் கூடவே வருகிறது. கைது செய்தவரின் கைபேசியைப் பார்க்கத் தேடல் ஆணை வேண்டும் என்று 2014இலும், கைபேசிக் கோபுரங்களின் இருப்பிடப் பதிவுகளைப் பெறவும் அது வேண்டும் என்று 2018இலும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. கலிபோர்னியா 2015இல் மின்னணுத் தகவல்களுக்கெல்லாம் தேடல் ஆணை என்று சட்டமாகவே எழுதியது. குற்றத்தை வரையறுக்கும் சட்டமும் விசாரணைக்கு எல்லை கட்டும் சட்டமும் ஒன்றாக நடக்க வேண்டும். அந்தரங்கத்தைக் காக்க ஒரு பிரிவு எழுதி, அதன் பெயரால் எல்லோரின் அந்தரங்கத்தையும் திறந்துவிட்டால் சட்டம் தன் நோக்கத்தையே தோற்கடிக்கும்.

தீங்கு எது, அதை விளைவிக்கும் செயல் எது, செய்பவர் எதை அறிந்து எந்த நோக்கத்தோடு செய்ய வேண்டும், யாருக்கு விலக்கு: இந்த நான்கையும் சொல்லாத வரைவு அவைக்கு வரக்கூடாது. ‘தனிப்பட்ட இடம்’, ‘தொட்டுணரக்கூடியது’, ‘அணுகல்’ போன்ற சொற்கள் இன்றைய வாழ்க்கையோடு பொருந்துகின்றனவா என்று, வழக்கு வரும்வரை காத்திராமல், குறித்த இடைவெளியில் பார்க்கும் அமைப்பு ஒவ்வொரு சட்டமன்றத்துக்கும் வேண்டும். அண்டை மாநில நீதிமன்றம் ஒரு வாசகத்தைத் தள்ளினால் தன் தொகுப்பில் அது இருக்கிறதா என்று அன்றே தேட வேண்டும். மாசசூசெட்ஸ் தீர்ப்பைப் படித்திருந்தால் ஜார்ஜியாவுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் இருந்தது.

சட்டத்தில் இல்லாததைத் தண்டிக்க மறுத்த நீதிபதிகளைப் பல நேரம் மக்கள் திட்டினார்கள். ஆனால் அவர்கள் காத்தது நம் எல்லோருக்குமான பாதுகாப்பை: எது குற்றம் என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ளும் உரிமை. அந்த உரிமையையும் பாதிக்கப்பட்டவரின் நீதியையும் சேர்த்துக் காப்பது சட்டம் எழுதுபவர்களால் மட்டுமே முடியும். மாசசூசெட்ஸ் தன் சட்டத்தை இரண்டே நாளில் திருத்திக் காட்டியது. அந்த வேலையை முதல் புகார் வருமுன்பே செய்து முடிக்கும்படி ஒவ்வொரு சட்டமன்றத்தையும் கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு.